வழக்கும் வழக்கும்

1977ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 24ஆம் நாள், இங்கிலாந்தின் நொட்டிங்காம் நகரத்து நீதவான் மன்றிலே ஒரு வழக்கு விசாரணைக்கு வந்தது. எதிரி ஓர் இசைத்தட்டுக் கடையின் முகாமையாளர். அவர் களவெடுத்தாரில்லை, நிறையிலே வஞ்சித்தாரில்லை. கடையின் கண்ணாடிச் சாளரத்திலே ஓர் இசைத்தட்டின் உறையைத் தெருவில் போவோர் காணும்படி வைத்தார். பொலிசார் அகற்றும்படி கூறியும் அகற்றினாரில்லை. அவ்வுறையிலே பெரிய எழுத்தில் ஒரு சொல் இருந்தது. 1889ஆம் ஆண்டின் ஆபாச விளம்பரச் சட்டத்தின்படி அதனைக் காட்சிக்கு வைத்தமை குற்றம் என்பது முறைப்பாடு. பெயரளவிலே கூண்டில் நின்றவர் கடைக்காரர். உண்மையிலே நின்றது அந்தச் சொல்.

தமிழிலே வழக்கு என்னுஞ் சொல் இருபொருள் தருவது. நீதிமன்றிலே தொடுப்பதும் வழக்கு. உலகத்தார் நாவிலே பயில்வதும் வழக்கு. முதலாம் வழக்கை இரண்டாம் வழக்குத் தீர்த்து வைத்த கதை இது. இலக்கணம் படித்தவர்க்கும் படிப்பிப்பவர்க்கும் இதிலே சிந்திக்க வேண்டியன சில உள.

இக்கதையை நான் தேடிப் போனமைக்கு ஒரு மாணவனே காரணன். பண்டித வகுப்பிலே அவையல் கிளவி பற்றிப் பாடம் நடந்துகொண்டிருந்தது. சான்றோர் கூடிய அவையிலே சொல்லத் தகாத சொல் அவையல் கிளவி. அதனை மறைத்து வேறொரு வாய்பாட்டாற் சொல்லவேண்டும் என்று விளக்கினேன். ஒருவன் எழுந்தான். "ஐயா, ஒரு சொல்லைத் தகாததென்று தீர்ப்பவர் யார்?" என்றான். "சான்றோர்" என்றேன். "சான்றோர் தீர்ப்புப் பிழைத்தால்?" என்றான். வகுப்புச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நல்ல வேளையாக மணி அடித்தது.

அன்று மாலை இதனை வீட்டிலே சொல்லிக்கொண்டிருந்தபோது, மேனாட்டு இசையிலே பழக்கமுள்ள என் மருமகன், "மாமா, இந்தக் கேள்விக்காகவே ஒரு வழக்கு நடந்திருக்கின்றது" என்று நொட்டிங்காம் செய்தியைச் சொன்னான். வழக்கிற்குக் காரணமான இசைத்தட்டையும் ஒலிக்கச் செய்தான். முழுவதும் கேட்டேன். நாற்பது நிமிடத்துக்கு உட்பட்டது.

பாடியோர் இலண்டன் நகரத்து இளைஞர் நால்வர். தம் குழுவுக்குச் செக்ஸ் பிஸ்ரல்ஸ் என்று பெயரிட்டுக்கொண்டனர். அவர்தம் இசையைப் பங்க் றொக் என்பர். பங்க் என்பது ஆங்கிலத்திலே பழைய வசைச்சொல். சேக்ஸ்பியர் காலத்திலே விலைமகளைக் குறித்தது. பின்னர் உதவாக்கரை, கீழ்மகன் என்னும் பொருளிலே வழங்கிற்று. பிறர் எறிந்த வசையை எடுத்துப் பட்டமாகச் சூடிக்கொள்வது இவ்விளைஞர் இயல்பு. ஜொனி றொற்றன் என்று பெயர்பெற்ற பாடகர் ஜோன் லைடன், வட இலண்டனிலே குடியேறிய அயர்லாந்துத் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளை. ஏழு வயதிலே மூளைக்காய்ச்சல் கண்டு நினைவிழந்து, மெல்ல மெல்ல மீண்டவர். மேடையிலே தாம் காட்டிய கூனலும் ஏளனமும், லோறன்ஸ் ஒலிவியர் நடித்த மூன்றாம் றிச்சட் மன்னனைக் கண்டு கற்றவை என அவரே கூறியுள்ளார். சேக்ஸ்பியர் எங்கெல்லாம் போய்ச் சேருகின்றார் பாருங்கள்!

அக்காலத்து இங்கிலாந்தை நினைவிற் கொள்ளல் வேண்டும். 1975இலே விலைவாசி ஓராண்டில் 24 வீதத்துக்கு மேல் ஏறிற்று. 1976இலே அந்நாடு சர்வதேச நாணய நிதியத்திடம் 390 கோடி டொலர் கடன் கேட்டு நின்றது. அந்த வாயிலில் நிற்பது எத்தன்மையது என்பதை 2022ஆம் ஆண்டின் பின் நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. வேலையற்றோர் தொகை பத்து இலட்சத்தைக் கடந்திருந்தது. பள்ளியை விட்டு வெளியே வந்த தொழிலாளர் பிள்ளைகளுக்குக் கதவுகள் மூடிக்கிடந்தன. அந்நிலையிலே 1977இலே எலிசபெத் இராணியார் அரியணை ஏறியதன் இருபத்தைந்தாம் ஆண்டு நிறைவை நாடு விழா எடுத்துக் கொண்டாடிற்று. தெருக்களிலே கொடி; வீடுகளிலே கடன். இவ்விரண்டுக்கும் இடையிலிருந்து எழுந்த குரல் இனிமையாக இராமை வியப்பன்று.

குழுவின் முதற் பாட்டு 1976 நவம்பர் இறுதியில் வெளிவந்தது. டிசம்பர் முதலாந் திகதி மாலை அவர்கள் தொலைக்காட்சிக்கு அழைக்கப்பட்டனர். நேர்கண்டவர், ஏதேனும் வரம்பு கடந்து சொல்லுங்கள் பார்ப்போம் என்று தூண்டினார். அவர்கள் சொல்லிவிட்டனர். மறுநாட் பத்திரிகைகளின் முதற் பக்கம் முழுவதும் அச்செய்தியே. பாரவூர்தி ஓட்டுநர் ஒருவர் சினங்கொண்டு தம் தொலைக்காட்சிப் பெட்டியை உதைத்துடைத்தார் என்றும் எழுதினர். ஊர்தோறும் ஒழுங்கு செய்த இசை நிகழ்ச்சிகளிற் பெரும்பாலானவை நிறுத்தப்பட்டன. ஒப்பந்தஞ் செய்த ஈ.எம்.ஐ. நிறுவனம் 1977 சனவரியிலே அவர்களைக் கைவிட்டது. மார்ச்சிலே ஏ அன்ட் எம் நிறுவனம் அரண்மனை வாயிலிலே கையொப்பமிட்டு ஏற்றது. ஒரு வாரத்துக்குள் நீக்கியது. மே மாதத்திலே வேர்ஜின் நிறுவனம் ஏற்றுக்கொண்டது.

விழாக் காலத்திலே நாட்டுப் பண்ணின் பெயரையே தலைப்பாகக் கொண்ட பாட்டொன்றை இவர்கள் வெளியிட்டனர். பி.பி.சி. அதனை ஒலிபரப்ப மறுத்தது. மறுத்தும் அது விற்பனையிலே இரண்டாம் இடத்துக்கு ஏறிற்று. முதலிடமே அதற்குரியது, கணக்கிலே கை வைத்தனர் என்ற ஐயம் இன்றுமுண்டு. கடைகளிலே தொங்கிய தரவரிசைப் பட்டியல் சிலவற்றில் இரண்டாம் இடத்திலே பெயர் இல்லை, வெற்றிடமே இருந்தது. இடக்கரடக்கலுக்கு இதனின் மேலான உதாரணம் நான் கண்டதில்லை. சொல்லை மறைத்தார்கள், மறைத்த இடத்தை எல்லாரும் வாசித்தார்கள்.

இவ்வளவும் நடந்த பின்னரே 1977 ஒக்டோபர் 28ஆம் நாள் அவர்களுடைய முதல் நெடுந்தட்டு வெளிவந்தது. 'நெவர் மைண்ட் த பொலொக்ஸ், ஹியர்ஸ் த செக்ஸ் பிஸ்ரல்ஸ்' என்பது அதன் பெயர். பாட்டுப் பன்னிரண்டு. பொலொக்ஸ் என்னுஞ் சொல் ஆடவர் உறுப்பொன்றைச் சுட்டுவது. நம் வைத்திய நூலார் 'விதை' என்று அடக்கமாகச் சொல்வதனை ஆங்கிலத் தெருவார் அடக்கமின்றிச் சொல்லும் முறை. பேச்சிலே 'வெற்றுப் பிதற்றல்' என்ற பொருளிலும் வழங்குவது. ஆகவே, "பிதற்றலை விடுங்கள், இதோ நாங்கள்" என்பதே தலைப்பின் கருத்து. ஜேமி றீட் என்னும் ஓவியர் மஞ்சள் உறையிலே, பத்திரிகையில் வெட்டி ஒட்டிய மொட்டைக் கடிதம் போல அவ்வெழுத்துகளை அமைத்தார். பெருங்கடைகளான பூட்ஸ், டபிள்யூ.எச். ஸ்மித், வூல்வொர்த்ஸ் ஆகியன தட்டை விற்க மறுத்தன. நவம்பரிலே அது பிரித்தானிய விற்பனைப் பட்டியலின் முதலிடத்தைப் பிடித்தது. தடை நல்ல விளம்பரம் என்பது பழைய பாடம். தடை செய்வோர் மாத்திரம் அதனைப் படிப்பதில்லை.

இசையைப் பற்றி நான் நினைப்பதைச் சொல்லிவிடுகின்றேன். தேவாரப் பண்ணிலே பழகிய செவிக்கு இஃது ஏற்பதன்று. பன்னிரண்டிலே நான்கு முன்னரே தனித்தட்டாக விற்கப்பட்டவை. பழையதை மீண்டும் விற்றனர் என்று குறை சொல்லவும் இடமுண்டு. ஆனால் இவர்களுக்கு வாசிக்கவே தெரியாது என்று அன்று பலர் சொன்னது பொய். கித்தாரை ஒன்றன்மேல் ஒன்றாகப் பலமுறை பதிந்து சுவர் போலக் கட்டியிருக்கின்றார் ஸ்ரீவ் ஜோன்ஸ். போல் குக்கின் முழவு தாளம் பிசகவில்லை. பதிவை நெறிப்படுத்தியவர்களுள் ஒருவரான கிறிஸ் தோமஸ் முன்னர் பீற்றில்ஸ் குழுவினரோடு பணியாற்றியவர். கோபம் உண்டு, அக்கோபத்தைக் கவனமாகச் செப்பஞ் செய்திருக்கின்றார்கள். பாடகரின் உச்சரிப்பு அமெரிக்கரைப் பார்த்துப் பாடும் பாசாங்கு அன்று. இலண்டன் தெருவின் உச்சரிப்பு. ரகரத்தை உருட்டி, சொல்லின் இறுதியைப் பல்லிற் கடித்து எறிகின்றார். நம் வசைக்கவிகளைச் சுவைத்த எவரும் அந்த எறியை அடையாளங் காண்பர். காளமேகத்தை அவன் வசைக்காகவே மனனஞ் செய்த நாம், அயலார் வசையைக் கேட்டு மாத்திரம் காதைப் பொத்திக்கொள்வது நேர்மையாகாது.

இனி மன்றுக்கு வருவோம். கடைக்காரருக்காகத் தோன்றியவர் ஜோன் மோட்டிமர், சட்டத்தரணி, நாடகாசிரியர். இதே தலைப்பைத் தம் பக்கங்களிலே அச்சிட்ட நாளிதழ்கள் மீது வழக்கில்லையே, கடைக்காரர் மீது மாத்திரம் ஏன் என்று கேட்டார். பின்னர் ஒரு சாட்சியை அழைத்தார். அச்சாட்சி இசைஞர் அல்லர். நொட்டிங்காம் பல்கலைக்கழகத்து ஆங்கிலப் பேராசிரியர் ஜேம்ஸ் கின்ஸ்லி. ட்றைடன் கவிதைகளை 1958இலும், ஸ்கொத்லாந்து உழவர் கவி றொபேட் பேர்ண்சின் பாடல்களை 1968இலும் பிரதி ஒப்புநோக்கிப் பதிப்பித்த பெரும் பதிப்பாசிரியர். திருச்சபைக் குருப்பட்டமும் பெற்றவர்.

அவர் வாதிடவில்லை, சொல்லின் வரலாற்றைச் சொன்னார். ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுப் பழமையுடையது இச்சொல். சிறு உருண்டை என்னும் பொருளிலே பிறந்தது. ஊர்ப் பெயர்களிலும் காணப்படுவது. பழைய ஆங்கில விவிலிய மொழிபெயர்ப்பிலும் கூச்சமின்றி ஆளப்பட்டது. பிற்காலத்திலே பாதிரிமாரைக் குறிக்கும் பட்டப்பெயராகி, அவர்தம் பிரசங்கத்திலே வெற்றுப் பேச்சு மிகுதி எனக் கருதப்பட்டமையால் 'பிதற்றல்' என்னும் பொருளைப் பெற்றது. குருப்பட்டம் பெற்ற ஒருவரே மன்றிலே நின்று இதனைக் கூறினார் என்பதை எண்ணிப் பாருங்கள்.

எனக்கு இங்கே தொல்காப்பியர் நினைவுக்கு வந்தார். எச்சவியலிலே அவையல் கிளவியை மறைத்துச் சொல்லுக என்று விதித்தவர், அடுத்த சூத்திரத்திலேயே அதற்கு எல்லையும் வகுத்தார். நெடுங்காலம் வழங்கி மருவிப் போன சொல்லை மறைக்கவேண்டியதில்லை என்பது அவர் கருத்து. உரையாசிரியர் ஆப்பி முதலியவற்றை உதாரணங் காட்டுவர். பசுவின் சாணத்தைக் குறிக்கும் சொல்லை எந்த அவையிலும் சொல்லலாம். பயின்று பயின்று அதன் இழிவு தேய்ந்துவிட்டது. இந்த இரண்டாவது சூத்திரத்தை வேகமாகக் கடந்து போவது ஆசிரியர் வழக்கம். நானும் அப்படியே கடந்து போனவன். பேராசிரியர் கின்ஸ்லி தொல்காப்பியம் படித்திருக்கமாட்டார். ஆயினும் நொட்டிங்காமிலே அவர் சொன்ன சாட்சியத்தின் சாரம் அந்த இரண்டாவது சூத்திரமே.

நீதவான்கள் கடைக்காரரை விடுதலை செய்தனர். தீர்ப்புச் சொன்ன தலைமை நீதவான், இலாபத்துக்காக மனித இயல்பின் கீழான உணர்ச்சிகளைப் பயன்படுத்துவதனைத் தாமும் தம் சகாக்களும் மனமார வெறுப்பதாகவும், ஆயினும் மனமின்றியே குற்றவாளியல்லர் என்று காண வேண்டியிருப்பதாகவும் கூறினார். இக்கதையிலே என் மதிப்பை மிகுதியும் பெறுபவர் இவரே. தமக்குப் பிடிக்கவில்லை என்பதனை மறைக்கவில்லை. பிடிக்காமையைக் குற்றம் என்று பெயர் மாற்றவுமில்லை. இலாபம் பற்றி அவர் சொன்னதும் பொய்யன்று. குழுவின் முகாமையாளர் மல்கம் மக்லாறனுக்கு ஆரவாரமே முதலீடு. இதனை அவரை வியப்போரும் மறுப்பதில்லை.

இவ்வளவும் சொன்னமையால் இவ்விளைஞர் செய்த யாவும் சரி என்று நான் கொண்டதாக எண்ணவேண்டாம். அவர்களுட் சிலரும், அவர்தம் இரசிகரிற் சிலரும், பெரியோரை வெருட்டுவதற்காக ஹிற்லர் கட்சியின் சுவஸ்திகத்தைச் சட்டையிலே அணிந்து திரிந்தனர். இதனை நான் கண்டிக்கின்றேன். நமக்கு அது மங்கலச் சின்னம். நம் வாசற்படியிலும் கணக்குப் புத்தகத்திலும் இருப்பது. ஆயினும் ஐரோப்பாவிலே அறுபது இலட்சம் யூதர் கொல்லப்பட்ட பின்னர் அச்சின்னத்தின் வழக்கு வேறாயிற்று. வழக்கு ஒரு சொல்லின் அழுக்கைக் கழுவவும் வல்லது; தூய்மையான ஒன்றை இரத்தத்திலே தோய்க்கவும் வல்லது. அதன் தீர்ப்பை ஒரு பக்கத்திலே ஏற்பவர் மறு பக்கத்திலும் ஏற்கவே வேண்டும். பொலொக்ஸ் என்று எழுதியமைக்கு அவர்களை விடுவித்த அளவுகோலே, சுவஸ்திகம் அணிந்தமைக்கு அவர்களைக் குற்றங் காணுகின்றது. நாடோ முன்னையதற்காக வழக்குத் தொடுத்தது.

பின்னர் நடந்ததைச் சுருக்கிச் சொல்வேன். 1978 சனவரியிலே சான்பிரான்சிஸ்கோ நகரத்து நிகழ்ச்சியோடு குழு கலைந்தது. ஆதலின் முதல் நெடுந்தட்டே அக்குழுவின் ஒரே நெடுந்தட்டாய் நின்றது. 1979இலே சிட் விசியஸ் என்பவர் போதைப்பொருளுக்கு இரையாகி 21 வயதிலே இறந்தார். அதனைப் புரட்சி என்று பாடுவோர் பிள்ளைகளைப் பெற்றவர்களாய் இருக்கமாட்டார்கள். 1987இலே றோலிங் ஸ்ரோன் இதழ், முந்திய இருபது ஆண்டுகளின் சிறந்த தட்டுகளிலே இதனை இரண்டாம் இடத்தில் வைத்தது. 2006இலே அமெரிக்காவின் றொக் அன்ட் றோல் புகழ் மண்டபம் இவர்களைக் கௌரவிக்க அழைத்தபோது, ஏளனக் கடிதமொன்றை அனுப்பிவிட்டுப் போகாதிருந்தனர். கடையின் சாளரத்திலிருந்து அகற்றச் சொன்ன உறை இன்று வடிவமைப்புக் கலை பயில்வோருக்குப் பாடம்.

இஃது அயல்நாட்டுக் கதை, நமக்கென்ன என்று ஒருவர் கேட்கலாம். 1960களின் முற்பகுதியிலே ஈழத்திலே நடந்த மரபுப் போராட்டத்தை மறந்தவரே அப்படிக் கேட்பர். உழைக்கும் மக்களின் பேச்சைக் கதையிலே எழுதிய முற்போக்கு எழுத்தாளரை நோக்கி, 'இழிசினர் வழக்கு' என்ற தொடரை வீசியவர்கள் என் போன்ற பண்டிதர்களே. டானியலும் டொமினிக் ஜீவாவும் தாழ்த்தப்பட்டோர் எனப்பட்ட மக்களிடையேயிருந்து வந்தவர்கள். அவர்களை நோக்கி அத்தொடர் போனபோது, அஃது இலக்கணக் குறியீடாக மாத்திரம் போய்ச் சேரவில்லை. அன்று மரபின் பக்கம் நின்றோர் தமிழை நேசித்தவர்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் அவர்கள் முறைப்பாட்டாளராய் நின்றார்கள். சாட்சியாய் நின்றிருக்கலாம்.

பிறரைச் சொன்ன வாயால் என்னையும் சொல்லவேண்டும். இற்றைக்கு இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், கரையோரக் கிராமத்துச் சிறுவன் ஒருவன் கடலுக்குப் போகும் தன் தந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினான். ஊர்ப் பேச்சிலே எழுதியிருந்தான். சோளகம் திடீரென மாறி வலை கிழிந்தபோது தந்தை காற்றை ஏசிய ஏச்சையும் அப்படியே எழுதிவிட்டான். நான் சிவப்பு மையால் வளைத்து, ஓரத்திலே 'இழிவழக்கு' என்று எழுதி, குறைந்த புள்ளியிட்டேன். அவன் கீழ்ப்படிவுள்ள பிள்ளை. அதன் பின் அவன் எழுதிய கட்டுரைகளிலே ஒரு பிழையும் இருந்ததில்லை. வெண்மதி இருந்தது, தென்றல் இருந்தது. கடல் இருந்ததில்லை, தந்தையும் இருந்ததில்லை. நல்ல புள்ளிகள் இட்டேன். அவனுடைய முதற் கட்டுரை ஒன்றே இன்று என் நினைவில் நிற்கின்றது. அந்தச் சொல்லின் வரலாறு என்ன, அவ்வூரிலே அது பிள்ளைகள் முன்னும் சொல்லும் அளவுக்குத் தேய்ந்த சொல்லா, அன்றா என்று அன்று நான் கேட்டேனில்லை. கேட்பதற்கே எனக்குச் சம்பளம் தந்தார்கள்.

மாணவர் தெருச்சொல்லை எழுதட்டும், ஆசிரியர் கைகட்டி நிற்கட்டும் என்பது என் கருத்தன்று. அவை உண்டு, அவைக்கு அடக்கமும் உண்டு. தேர்வுத் தாளிலே எழுதுவது வேறு, கதையிலே ஒரு பாத்திரம் பேசுவது வேறு என்று பிள்ளைக்குப் பிரித்துக் காட்டுவது நம் கடன். ஆனால் விலக்கும் முன் விசாரிக்க வேண்டும். அச்சொல் எங்கே பிறந்தது, யார் வாயிலே பயின்றது, யாரைப் புண்படுத்துகின்றது, எவ்விடத்திலே தேய்ந்தது என்று அறிந்த பின்னரே சிவப்பு மைக்கு அதிகாரம் உண்டு. தன்னைப் புண்படுத்தாமல் வேறொருவரைப் புண்படுத்தும் சொல்லை இலேசாக விட்டுவிடுவதும், ஒருவரையும் புண்படுத்தாத சொல்லுக்காகக் குதிப்பதும் கற்றோரிடையே காணும் குறை.

சான்றோர் தீர்ப்புப் பிழைத்தால் என்ன செய்வது என்று கேட்ட மாணவனுக்கு நான் இன்னும் கடன்பட்டிருக்கின்றேன். வருகின்ற திங்கட்கிழமை வகுப்பிலே எச்சவியலை மீண்டும் எடுப்பேன். இம்முறை அவையல் கிளவிச் சூத்திரத்தோடு நில்லாமல், அடுத்த சூத்திரத்தையும் நிதானமாகப் படிப்பேன். நொட்டிங்காமின் கதையையும் சொல்வேன். தீர்ப்புப் பிழைத்தால் மறு விசாரணை உண்டு. அதற்குச் சாட்சி சொல்லவே, தம்பி, நீ பண்டிதம் படிக்கின்றாய் என்பேன்.